ராஜபாளையம் குட்டி வாங்குகிறீர்களா? முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள்

தோட்டத்து வீட்டுக்கோ ஆட்டுப்பட்டிக்கோ காவலுக்கு நாய் வேண்டும் என்றதும் தென்மாவட்டங்களில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ராஜபாளையம் நாய்தான். பால் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, நெடிய கால்கள், புது ஆளைக் கிட்டே அண்டவிடாத குணம் என்று அதற்கென்று தனி அடையாளம் உண்டு. 2005-ம் ஆண்டு அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, இடம்பிடித்த நான்கு இனங்களில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னபோதும் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் ஊர்ப் பெயர்கள் வந்தன. அதன்பிறகு நகரத்திலிருந்து குட்டி கேட்டு வருபவர்களும் கூடினார்கள்.

இந்தப் பெருமையோடு சேர்ந்தே வரும் ஒரு குறையைப் பற்றி விற்பவர்கள் அதிகம் வாய் திறப்பதில்லை. ராஜபாளையம் இனத்தில் சில குட்டிகள் காது கேட்காமலே பிறக்கின்றன. வளர்த்துப் பழகியவர்களுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் இது தெரிந்த விஷயம்தான். காவல் நாய்க்கு மூக்கும் காதும்தான் மூலதனம். நள்ளிரவில் வேலிப் படல் அசையும் சத்தத்தையும், பட்டிக்குள் நரி நுழையும்போது ஆடு மிரளும் சத்தத்தையும் கேட்காத நாயை வைத்துக்கொண்டு என்ன காவல் காப்பது? பார்வைக்கு ராஜா மாதிரி இருக்கும். திருடன் பக்கத்தில் வந்து நின்றாலும் தூங்கிக்கொண்டிருக்கும்.

இதில் ஏமாற்று வேலை எப்போதும் இருக்கிறது என்று சொல்லவில்லை. குட்டிக்குக் காது கேட்கவில்லை என்பது விற்பவருக்கே பல நேரம் தெரியாது. ஏன் தெரியாமல் போகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம். முதலில் இந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

வெள்ளை நிறத்துக்கும் காதுக்கும் என்ன தொடர்பு?

நாயின் உடம்பில் முடிக்கும் தோலுக்கும் நிறம் கொடுப்பவை நிறமி அணுக்கள். கரு வளரும்போது இவை முதுகெலும்பை ஒட்டிய பகுதியில் தோன்றி உடம்பு முழுக்கப் பரவிச் செல்கின்றன. போய்ச் சேர்ந்த இடத்தில் கறுப்போ பழுப்போ செம்மண் நிறமோ வருகிறது. போய்ச் சேராத இடம் வெள்ளையாக நின்றுவிடுகிறது. வால் நுனி, நெஞ்சு, பாதம் ஆகிய இடங்களில் மட்டும் வெள்ளை இருக்கும் நாய்களை நாம் தினமும் பார்க்கிறோம். நிறமி அணுக்கள் கடைசி வரை போய்ச் சேராத இடங்கள் அவை.

அதே அணுக்களுக்கு உள்காதிலும் ஒரு வேலை இருக்கிறது. உள்காதில் நத்தைக் கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதற்குள் இருக்கும் நீரின் உப்புச் சமநிலை கெடாமல் பார்த்துக்கொள்ளும் படலத்தில் நிறமி அணுக்கள் இருந்தாக வேண்டும். அவை அங்கே வந்து சேரவில்லை என்றால் அந்தப் படலம் சுருங்கிப்போகும். அதோடு சத்தத்தை வாங்கி மூளைக்கு அனுப்பும் மெல்லிய அணுக்களும் மடிந்துவிடும். குட்டி பிறந்த முதல் மூன்று நான்கு வாரத்துக்குள் இது நடந்து முடிந்துவிடுகிறது. செத்த அணுக்கள் திரும்ப முளைப்பதில்லை. மருந்து, அறுவை சிகிச்சை எதுவும் இதற்குப் பலிக்காது. காதில் எண்ணெய் விட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இது ராஜபாளையத்துக்கு மட்டும் வந்த சாபம் இல்லை. வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷன் நாயை சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் அந்த இனத்தில் ஆயிரக்கணக்கான நாய்களைச் சோதித்தபோது, நூற்றுக்குச் சுமார் 30 நாய்களுக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை. அவற்றில் இரண்டு காதும் கேட்காதவை நூற்றுக்கு எட்டு. மீதி 22 நாய்களுக்கு ஒரு காது கேட்டது. அதே சோதனைகளில் இன்னும் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. நீலக் கண் உள்ள நாய்களில் இந்தக் குறை அதிகம். பிறக்கும்போதே பெரிய நிறத் திட்டோடு பிறந்த நாய்களில் குறைவு. நிறம் தாராளமாகப் பரவிய உடம்பில் உள்காதுக்கும் நிறமி அணுக்கள் போய்ச் சேர்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதே இதற்குக் காரணம்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். ராஜபாளையம் நாய் ஒரு காலத்தில் வெள்ளையில் மட்டும் இருந்ததில்லை. கறுப்பும் பழுப்பும் இருந்தன. சுத்த வெள்ளைக்குத்தான் மதிப்பு என்று ஆனபிறகு, காதிலோ முதுகிலோ திட்டு விழுந்த குட்டிகளைக் கழித்துவிடும் பழக்கம் வந்தது. வெள்ளையையே பொறுக்கிப் பொறுக்கி இணை சேர்த்ததில், அழகோடு காது கேளாமையையும் சேர்த்துப் பெருக்கிவிட்டோம். நன்றாகக் காது கேட்டிருக்கக்கூடிய குட்டிகள்தான் அதிகம் கழிக்கப்பட்டிருக்கும்.

ஒரு காது கேட்கும் நாய்தான் சிக்கல்

இரண்டு காதும் கேட்காத நாயை எப்படியும் ஒருநாள் கண்டுபிடித்துவிடலாம். ஒரு காது மட்டும் கேட்கும் நாய் கூப்பிட்டால் வரும், சத்தம் கேட்டால் குரைக்கும். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதில் மட்டும் தடுமாறும். வளர்ப்பவர் கடைசி வரை அதைக் கவனிக்காமலே போகலாம். வீட்டுக் காவலுக்கு அந்த நாய் போதும். ஆனால் அதை இணை சேர்த்தால் குறையைக் குட்டிகளுக்குக் கடத்தும். ‘நல்லாத்தானே இருக்கு’ என்று பொலிக்கு விடுவதால்தான் இந்தக் குறை இனத்தை விட்டுப் போகாமல் சுற்றி வருகிறது.

ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சோதிக்கும் கருவி இருக்கிறது. தலைத்தோலில் மெல்லிய ஊசிகளைப் பொருத்தி, ஒரு காதுக்குள் ‘டிக் டிக்’ என்று சத்தம் கொடுத்து, மூளையில் மின்அலை எழுகிறதா என்று கணினியில் பார்ப்பார்கள். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ‘பேயர்’ சோதனை என்பார்கள். ஐந்தாறு வாரம் ஆன குட்டிக்கே செய்யலாம். இந்த வசதி எல்லா கால்நடை மருந்தகத்திலும் இருக்காது. ஆகவே பெரிய மருத்துவமனைகளில் விசாரித்துவிட்டுப் போவது நல்லது. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ராமையன்பட்டி ஆகிய இடங்களில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. இணை சேர்க்கப்போகும் நாய்க்காவது ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது.

குட்டி வாங்கும் இடத்திலேயே சோதிப்பது எப்படி?

குட்டியின் காதுத் துவாரம் பிறந்து இரண்டு வாரம் ஆகும்போதுதான் திறக்கும். உள்காது கெடுவது மூன்று நான்கு வாரத்தில். அதனால் ஐந்து வாரத்துக்கு முன்னால் செய்யும் சோதனைக்கு அர்த்தமில்லை.

போனவுடன் கை தட்டிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அதில்தான் ஏமாந்தும் போகிறோம். ஆறு குட்டிகள் ஒன்றாக இருக்கும்போது கை தட்டினால், ஐந்து திரும்பும். அவற்றைப் பார்த்து ஆறாவதும் திரும்பிவிடும். விற்பவருக்கே தெரியாமல் போகும் காரணம் இதுதான். காது கேட்காத குட்டி கண்ணை வைத்து அவ்வளவு சாமர்த்தியமாகப் பிழைக்கும். தரையைக் காலால் தட்டினாலும் பயனில்லை. அதிர்வு பாதம் வழியாகத் தெரிந்துவிடும். முகத்துக்கு நேரே கை தட்டினால் காற்று படும், கையின் அசைவும் தெரியும்.

குட்டியைத் தனியாகப் பிரித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு தட்டில் கொஞ்சம் பாலோ சோறோ வையுங்கள். அது குனிந்து தின்னும்போது உங்களோடு வந்தவர் பின்னால், ஐந்தாறு அடி தள்ளி, குட்டியின் கண்ணில் படாத இடத்தில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கட்டும், அல்லது விசில் அடிக்கட்டும். நிழல் முன்னால் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காது கேட்கும் குட்டியின் காது மடல் உடனே அசையும், அல்லது தலை திரும்பும். பத்து நிமிடம் கழித்து வேறொரு சத்தத்தை வைத்து, வேறு பக்கத்தில் நின்று மறுபடியும் பாருங்கள். ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், காது நன்றாகக் கேட்கும் குட்டியும் சலித்துப்போய்த் திரும்பாமல் விட்டுவிடும்.

குட்டி தூங்கும் நேரத்தில் போக முடிந்தால் இன்னும் நல்லது. தாய் வரும் சத்தம் கேட்டு எல்லாம் எழுந்து ஓடும்போது, ஒன்று மட்டும் தூங்கிக்கொண்டே இருந்து, மற்றவை மிதித்தபின் எழுந்தால் அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டில் மற்ற குட்டிகள் கத்திய பிறகும் கடித்த வாயை விடாத குட்டியையும் கவனியுங்கள். அது முரட்டுக் குணமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. எதிரி கத்துவது அதற்குக் கேட்காமல் இருக்கலாம்.

தாய், தகப்பனைப் பார்க்காமல் குட்டியைப் பார்க்காதீர்கள்

மாடு வாங்கும்போது தாயின் மடியைப் பார்க்கிறோம். எந்தக் காளைக்குப் பிறந்தது என்று கேட்கிறோம். ஆட்டுப்பட்டியில் பழைய கிடாயையே வைத்திருந்தால் மகளோடும் பேத்தியோடும் சேர்ந்து, குட்டிகள் நோஞ்சானாகப் பிறக்கும் என்பதற்காகக் கிடாயை மாற்றிவிடுகிறோம். நாய் விஷயத்தில் மட்டும் இந்த அறிவையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம். ஒரே ஈத்தில் பிறந்த ஆணையும் பெண்ணையும் ‘ஜோடி’யாக வாங்கிவந்து, இரண்டு வருடத்தில் குட்டி எடுத்து விற்பவர்கள் எத்தனை பேர்!

அதில் என்ன தவறு என்று கேட்டால், பரம்பரைக் குறைகளில் பலவும் மறைந்து கிடப்பவை. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று ஜோடியாகத்தான் வருகிறது. ஜோடியில் ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது நன்றாக இருந்தால், பல நோய்களில் நாய்க்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அது பழுதைச் சுமந்துகொண்டுதான் திரிகிறது. அப்படிச் சுமக்கும் இரண்டு நாய்கள் சேர்ந்தால், சராசரியாக நான்கு குட்டிக்கு ஒன்று பழுது இரண்டையும் வாங்கி நோயோடு பிறக்கும். இரண்டு குட்டிகள் பார்வைக்கு நன்றாக இருந்து பழுதைச் சுமக்கும். ஒன்றுதான் முழுக்கத் தப்பும். வெளியிலிருந்து வரும் கடுவன் அதே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு குறைவு. அண்ணன் தங்கைக்கோ, அப்பன் மகளுக்கோ அந்த வாய்ப்பு மிக அதிகம். காது கேளாமை இப்படி ஒற்றை மரபணுக் கணக்கில் அடங்குவதில்லை. பல மரபணுக்கள் அதில் சேர்ந்து வேலை செய்கின்றன. காது கேட்கும் தாய் தகப்பனுக்கும் செவிட்டுக் குட்டி பிறக்கலாம். இருந்தாலும் குறை உள்ள நாயை இணை சேர்க்காமல் விட்டால் குட்டிகளில் அது குறைகிறது என்பது டால்மேஷன் வளர்த்தவர்கள் கண்ட அனுபவம்.

எனவே குட்டியைக் காட்டச் சொல்வதற்கு முன் தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாயைக் காட்டாத இடத்தில் வாங்காதீர்கள். தகப்பன் வேறு ஊரில் இருந்தால் யாருடைய நாய் என்று கேட்டு, முடிந்தால் போய்ப் பாருங்கள். இரண்டுக்கும் உறவு உண்டா, முந்தைய ஈத்துக் குட்டிகள் யாரிடம் போயின என்று விசாரியுங்கள். அந்த வீட்டுக்குப் போய் நாயைப் பார்த்துவிட்டு வந்தால், கைக்குட்டியைப் பத்து முறை புரட்டிப் பார்ப்பதைவிட அதிகம் தெரிந்துவிடும்.

வெளிநாட்டு இனங்களும் தப்பவில்லை

திருவான்மியூர் கடற்கரைப் பக்கம் காலையில் நடந்தால், சங்கிலியில் போகும் நாய்களில் சுருட்டை முடி பூடிலும் ஒன்றாக இருக்கும். நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கி, விடுமுறைக்கு ஊருக்கும் கொண்டுவருகிறார்கள். பூடில் கெட்டிக்கார நாய். ஆனால் அதற்கும் சொந்தமாகப் பரம்பரை நோய்கள் உண்டு. சிறிய வகைப் பூடில்களில் முழங்கால் சில்லு இடம் நழுவும். நாலு அடி ஓடும், ஒரு பின்னங்காலைத் தூக்கி நொண்டும், மறுபடி சாதாரணமாக ஓடும். நம் தெருக்களில் நிறைந்திருக்கும் பொமரேனியனுக்கும் இதே தொல்லை உண்டு.

அதைவிட மோசம் விழித்திரை தேயும் நோய். குட்டியில் கண் பளிச்சென்று இருக்கும். சில வருடம் போனபிறகு முதலில் மாலைக்கண் வரும், பிறகு பகலிலும் பார்வை போய்விடும். நோய் தெரியவரும் வயதுக்குள் அந்த நாய் இரண்டு மூன்று ஈத்துக்குத் தாயோ தகப்பனோ ஆகியிருக்கும். ராஜபாளையத்தின் காது ஐந்து வாரத்தில் உண்மையைச் சொல்லிவிடும். பூடிலின் கண் அப்படிச் சொல்லாது. அதனால் அங்கே தாய் தகப்பனுக்கு மரபணுச் சோதனை செய்யப்பட்டிருக்கிறதா என்று கேட்பது ஒன்றே வழி. பெரிய வகைப் பூடிலில் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அழிந்து முடி கொட்டும் நோயும், சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி செயலிழக்கும் நோயும் அதிகம் காணப்படுகின்றன. போன நூற்றாண்டின் நடுவில், கண்காட்சியில் பேர் வாங்கிய ஒருசில நாய்களின் வம்சத்தையே எல்லோரும் பெருக்கியதும் இதற்கு ஒரு காரணம் என்று கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ராஜபாளையத்தில் வெள்ளைக்கு நடந்தது பூடிலில் கண்காட்சிப் பரிசுக்கு நடந்திருக்கிறது.

பண்ணைக்கு லாப்ரடாரோ ஜெர்மன் ஷெப்பர்டோ வாங்குபவர்கள் இடுப்பு மூட்டைக் கவனிக்க வேண்டும். தொடை எலும்பின் தலை கிண்ணத்தில் சரியாக உட்காராத குறை இந்த இனங்களில் பரம்பரையாக வருகிறது. முயல் போல இரண்டு பின்னங்காலையும் சேர்த்து வைத்து ஓடும் நாய், எழுந்திருக்கச் சிரமப்படும் நாய் ஆகியவற்றின் குட்டியை வாங்காதீர்கள். வளர்க்கும்போது அளவுக்கு மேல் தீனி போட்டுக் கொழுக்க வைப்பதும் இந்தக் குறையைக் கூட்டும்.

குட்டியைக் கையில் எடுத்தபின்

தொப்புளைத் தடவிப் பாருங்கள். கன்றுக்குட்டிக்கு வருவது போலவே நாய்க்கும் தொப்புள் குடலிறக்கம் வரும். அதில் பெரும்பகுதி பரம்பரை. சிறியதாக இருந்தால் ஆபத்தில்லை, ஆனால் பொலிக்கு ஆகாது. கடுவன் குட்டியாக இருந்தால் இரண்டு விதைகளும் பைக்குள் இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். எட்டு வாரத்தில் பெரும்பாலும் இறங்கியிருக்கும். ஆறு மாதத்திலும் இறங்காத விதை பின்னாளில் புற்றாக மாற வாய்ப்பு உண்டு. வாயைத் திறந்து மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்துகின்றனவா, அண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்று பாருங்கள்.

கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் முடி கொட்டி வழுக்கையாக இருந்தால், ‘வேப்பெண்ணெய் தடவினால் போய்விடும்’ என்பார்கள். மயிர்க்காலுக்குள் வாழும் ஒருவகை நுண்ணிய உண்ணியால் வரும் சொறியாக அது இருக்கலாம். அந்த உண்ணி எல்லா நாயிலும் கொஞ்சம் உண்டு. அதை அடக்கிவைக்கும் எதிர்ப்புச் சக்தி சில வம்சங்களில் குறைவு. ஓரிரு இடத்தில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் தானே ஆறும். உடம்பெல்லாம் பரவியிருந்தால் அந்த ஈத்தையே விட்டுவிடுங்கள்.

பூச்சி வயிறு, சளி, வயிற்றுப்போக்கு எல்லாம் பரம்பரை இல்லை. குடற்புழு நீக்கம், தடுப்பூசி, வெறிநோய்த் தடுப்பூசி ஆகியவற்றை எந்தெந்த வாரத்தில் போடுவது என்று உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரே சொல்லிவிடுவார்.

குட்டி எடுத்து விற்பவர்களுக்கு

2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, குட்டி எடுத்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது. பெட்டையை 18 மாதத்துக்கு முன் இணை சேர்க்கக்கூடாது. வருடத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. இந்த எட்டு வாரக் கணக்கு வாங்குபவருக்கும் நல்லது. முப்பது நாளில் கைமாறும் குட்டியின் காதை யாராலும் சரியாகச் சோதிக்க முடியாது.

திட்டு விழுந்த குட்டியைக் கழிக்காதீர்கள் என்பதையும் கேட்டுக்கொள்கிறேன். சுத்த வெள்ளை கேட்டு வருபவர்களில் சென்னைக்காரர்கள் நிறைய. அவர்களிடம் விஷயத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். திருவான்மியூரில் வளரும் நாய் கேட்டைத் தாண்டினால் கிழக்குக் கடற்கரைச் சாலை. ஹாரன் கேட்காத நாய் அங்கே எத்தனை நாள் பிழைக்கும்? காதில் பழுப்புத் திட்டு உள்ள குட்டியைக் காட்டி, ‘நான் சோதித்துப் பார்த்துவிட்டேன், இதற்குக் காது நன்றாகக் கேட்கிறது’ என்று சொல்லி விற்பவருக்கு அடுத்த முறையும் ஆள் வரும்.

காது கேட்காத குட்டி வந்துவிட்டால்

தெருவில் விடாதீர்கள். வண்டி வருவது தெரியாமல் அடிபட்டுச் சாகும். கை சைகையிலேயே அதற்கு எல்லாம் கற்றுக்கொடுக்கலாம். உட்காரச் சொல்ல உள்ளங்கையை இறக்கிக் காட்டுவது, கூப்பிடத் தொடையில் தட்டிக் காட்டுவது, இருட்டில் டார்ச் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவது என்று ஒரே சைகையை வீட்டில் எல்லோரும் பயன்படுத்தினால் சில வாரங்களில் பிடித்துக்கொள்ளும். வேலி போட்ட இடத்துக்குள்ளோ சங்கிலியிலோ மட்டும் வைத்திருங்கள். காவலுக்குக் காது கேட்கும் இன்னொரு நாயோடு விட்டால், அது ஓடும் பக்கம் இதுவும் ஓடும்.

தூங்கும்போது திடீரென்று தொட்டால் மட்டும் திடுக்கிட்டுக் கடித்துவிடும். இதைக் குழந்தைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். முன்பக்கமாக வந்து, அது படுத்திருக்கும் தரையை மெதுவாகத் தட்டி எழுப்ப வேண்டும். உரிய வயது வந்ததும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கருத்தடை செய்துவிடுங்கள். குட்டி கொடுத்தவரிடமும் தகவலைச் சொல்லுங்கள். சண்டை போட அல்ல. அதே தாயையும் தகப்பனையும் மறுபடி சேர்க்காமல் இருக்க அவருக்குத் தெரிய வேண்டும்.